வளைவில் விழும் எஞ்சின்: முதலில் ஏறுவது எந்தச் சக்கரம்?

கேள்வி: லண்டனில் இருக்கும் சித்தப்பா போன வருடம் வந்தபோது மகனுக்கு ஒரு மாடல் ரயில் செட் கொண்டு வந்தார். 8க்கு 4 அடி பிளைவுட் பலகையில் உள்ளே ஒரு பாதை, வெளியே ஒரு பாதை என்று நீள்வட்டமாகப் பூட்டியிருக்கிறோம். டீசல் எஞ்சின், முன்னுக்கு ஆறு சக்கரம், பின்னுக்கு ஆறு சக்கரம். நேர்ப்பாதையில் அருமையாக ஓடுகிறது. உள்பாதையில் கிறுகிற இடம் எல்லாவற்றிலும் இறங்கிவிடுகிறது. வெளிப்பாதையில் யன்னல் பக்கத்து வளைவில் மட்டும், அதுவும் எப்போதும் ஒரே இடத்தில். பெட்டிகள் கொழுவினால் சிலவேளை அவையும் உள்பக்கம் சரிந்து விழுகின்றன. கடைசியில் ஒரு சாமான் வண்டி, மகன் அதில் கடற்கரை மணல் நிரப்பித்தான் ஓட்டுவான். எஞ்சின் சக்கரங்களை உள்ளுக்குக் கொஞ்சம் நெருக்கிவிடச் சொல்கிறார் சித்தப்பா. செய்யலாமா? பழுது எஞ்சினிலா, பாதையிலா?
– களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு வாசகர்

பதில்:

தம்பி, சக்கரத்தில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். சித்தப்பா சொன்னது எல்லா நேரத்திலும் பிழை என்று இல்லை, ஆனால் அளந்து பார்க்காமல் நெருக்கினால் இன்றைக்கு வளைவில் மட்டும் விழுகிற எஞ்சின் நாளைக்கு நேர்ப்பாதையிலும் ஆடும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு இருப்பது ஒரு பழுது இல்லை, மூன்று. மூன்றும் ஒரே பலகையில் நடப்பதால் ஒன்றுபோலத் தெரிகிறது. உள்பாதையில் எல்லா வளைவிலும் விழுகிறது, அது எஞ்சினுக்கும் வளைவுக்கும் உள்ள பொருத்தம். வெளிப்பாதையில் ஒரே இடத்தில் விழுகிறது, அது பாதை. பெட்டிகள் உள்பக்கம் சரிகின்றன, அது பாரம். தனித்தனியாகப் பிடித்தால் மூன்றையும் வீட்டிலேயே சரிசெய்யலாம்.

அதற்கு முன் ஒரு விஷயம் விளங்கிவிட்டால் மற்றதெல்லாம் லேசு. வளைவில் போகும்போது வெளித் தண்டவாளம் சக்கரத்தின் விளிம்பை, அதாவது தண்டவாளத்தின் உள்பக்கமாகக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்தை, பக்கவாட்டில் தள்ளுகிறது. எஞ்சினின் பாரம் அதே சக்கரத்தைக் கீழே அமர்த்துகிறது. பக்கத்துத் தள்ளல் கூடினாலும் விளிம்பு தண்டவாளத்தின் மேல் ஏறும், பாரம் குறைந்தாலும் ஏறும். பெரிய புகையிரதம் தடம் புரள்வதிலும் கணக்குப் பார்ப்பது இந்த இரண்டுக்கும் உள்ள விகிதத்தைத்தான். எனவே எதைச் சோதித்தாலும், இது தள்ளலைக் கூட்டுகிறதா, பாரத்தைக் குறைக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

முதல் வேலை, பார்ப்பது. மகன் கையில் கண்ட்ரோலரைக் கொடுத்து எஞ்சினைத் தனியாக, பெட்டி ஒன்றும் கொழுவாமல், மிக மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். உங்கள் போனைப் பலகையின் மேலேயே, தண்டவாளத்தின் உயரத்துக்கு வைத்து ஸ்லோ மோஷனில் எடுங்கள். மேலே நின்று பார்த்தால் எஞ்சின் விழுந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும், அப்போது பன்னிரண்டு சக்கரமும் வெளியேதான் நிற்கும், எது முதலில் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. நமக்கு வேண்டியது அந்த முதல் சக்கரம். அது ஏறிய இடத்தில் வெண்கட்டியால் ஒரு கோடு போடுங்கள், விழுந்த இடத்தில் இல்லை, ஏறிய இடத்தில். இரண்டுக்கும் இடையே சிலவேளை ஒரு சாண் தூரம்கூட இருக்கும், அதனால்தான் பலர் நல்ல இடத்தைப் பிரித்துப் பூட்டிக்கொண்டு இருக்கிறார்கள். மறுகா எஞ்சினை முன்பின்னாகத் திருப்பி வைத்து அதே திசையில் ஓட்டுங்கள். கோடு அதே இடத்தில் விழுந்தால் பாதையைச் சந்தேகப்படுங்கள், எஞ்சினின் அதே முனையில் உள்ள சக்கரத் தொகுதிதான் (மூன்று அச்சும் சேர்ந்து திரும்புகிற பாகம்) எங்கேயும் இறங்குகிறது என்றால் எஞ்சினை.

இனி உள்பாதை. லண்டனில் இருந்து வந்த செட் என்றால் பெரும்பாலும் ஓஓ அளவாகத்தான் இருக்கும், அதாவது 76இல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. அந்த அளவில் பெட்டியில் வரும் வளைவுத் துண்டுகளுக்கு நிலையான ஆரைகள் உண்டு: முதலாவது 371 மி.மீ., இரண்டாவது 438, மூன்றாவது 505, நாலாவது 572க்குக் கொஞ்சம் குறைய. நீங்கள் அளவு எழுதவில்லை, ஆனால் 4 அடிப் பலகையில் இரண்டு பாதை என்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் அந்த 371தான். துண்டைத் திருப்பிப் பார்த்தால் அடியில் இலக்கம் இருக்கும், அல்லது வட்டத்தின் குறுக்கே தண்டவாள நடுவில் இருந்து நடுவுக்கு அளந்து பாதியாக்குங்கள்.

371 எவ்வளவு இறுக்கம் என்று தெரிய வேண்டுமானால், 76ஆல் பெருக்கிப் பாருங்கள். ஏறக்குறைய 28 மீட்டர். நம் நாட்டு மலைநாட்டுப் பாதையிலே மிகவும் இறுக்கமான வளைவுகள் 5 சங்கிலி, அதாவது 100 மீட்டர் அளவு. அந்த வளைவுகளிலேயே எஞ்சின் கிறீச்சிட்டுக்கொண்டு ஊர்ந்துதான் போகும். உங்கள் மகனின் எஞ்சினிடம் நாம் அதைவிட மூன்று மடங்குக்கு மேல் இறுக்கமான வளைவைக் கேட்கிறோம். நான்கு சக்கரச் சின்ன எஞ்சின் அதைச் செய்யும். முன்னுக்கு மூன்று அச்சு, பின்னுக்கு மூன்று அச்சு உள்ளது, நம் புகையிரதத் திணைக்களத்தின் எம்4 மாதிரியான அமைப்பு, அது திணறும். அந்த மாதிரி எஞ்சின்கள் பலவற்றின் பெட்டியிலேயே குறைந்தது இரண்டாவது ஆரை வேண்டும் என்று அச்சடித்திருக்கும், பெட்டியை வீசாமல் வைத்திருந்தால் பாருங்கள்.

திணறுவதற்குக் காரணம் நடு அச்சு. மூன்று சக்கரம் ஒரே நேர்கோட்டில் இருக்க, கீழே தண்டவாளம் வில்லாக வளைகிறது. முதல் அச்சுக்கும் மூன்றாம் அச்சுக்கும் நடுவே 54 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 371 வளைவில் நடுச் சக்கரம் அந்த நேர்கோட்டை விட்டு ஏறக்குறைய 1 மி.மீ. வெளிப்பக்கம் ஒதுங்க வேண்டும். 505 வளைவில் 0.7 போதும். எஞ்சினைத் துணியில் மல்லாக்க வைத்து நடு அச்சை நகத்தால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள், அசைகிற அளவு அதற்குக் குறைவாக இருந்தால் நடுச் சக்கரம் ஒதுங்க இடமில்லாமல் முழுத் தொகுதியையும் பக்கத்தில் தள்ளுகிறது, அந்தத் தள்ளலில் முன் சக்கரம் ஏறிவிடுகிறது. இது பழுதே இல்லை, அந்த எஞ்சினின் கட்டமைப்பு அப்படி.

ஆகவே உள்பாதைக்கு என் ஆலோசனை, 371 துண்டுகளைக் கழற்றிவிடுங்கள். இப்போது வெளியே இருக்கும் 438ஐ உள்ளே கொண்டு வாருங்கள், வெளிப்பாதைக்கு 505 துண்டுகள் வாங்குங்கள். 45 பாகைத் துண்டாக வாங்கினால் ஒரு முழு வட்டத்துக்கு 8 போதும், நேர்த்துண்டுகள் அப்படியே இருக்கலாம். 505 என்றால் விட்டம் 101 செ.மீ., உங்கள் பலகை 122 செ.மீ. அகலம், இரண்டு பக்கமும் 10 செ.மீ. மிஞ்சும். வெளிப்பாதை நீளவாக்கிலும் 13 செ.மீ. கூடும், பலகையின் ஓரத்துக்கு மிக நெருங்கினால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நேர்த்துண்டைக் குறைத்துவிடுங்கள். சித்தப்பா அடுத்த முறை வரும்போது கொண்டுவரச் சொல்ல இதைவிட நல்ல சாமான் இல்லை. புதிய எஞ்சின் கேட்க வேண்டாம், எட்டு வளைவுத் துண்டு கேளுங்கள்.

துண்டுகள் வரும் வரைக்கும் எஞ்சினில் ஒரு சோதனை செய்யுங்கள். மல்லாக்க வைத்தபடியே முன் சக்கரத் தொகுதியை விரலால் ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி விட்டுவிடுங்கள். விட்ட இடத்தில் அது அப்படியே நிற்க வேண்டும். தானாகத் திரும்பி வந்தால் உள்ளே ஏதோ அதை இழுக்கிறது, பெரும்பாலும் மோட்டருக்குப் போகும் சிவப்பு, கறுப்பு வயர்கள். என் மேசைக்கு வருகிற எஞ்சின்களில், யாராவது ஒருமுறை மூடியைக் கழற்றி மாட்டியதாக இருந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். மூடியை மாட்டும்போது வயர் ஒரு பக்கம் நெருக்குப்பட்டு, ஸ்பிரிங் மாதிரி சக்கரத் தொகுதியை அழுத்திக்கொண்டே இருக்கும். மெல்லிய குச்சியால் வயரை மேலே தள்ளி, இரண்டு பக்கமும் திரும்புவதற்குத் தளர்வு இருக்கிற மாதிரி வளைத்துவிட்டால் போதும். திருப்பும்போது முன்னால் தொங்கும் படிகளிலோ அலங்காரக் குழாய்களிலோ சக்கரம் முட்டுகிறதா என்றும் பாருங்கள். இந்தச் செட்டுகளில் அந்தக் குழாய்களைத் தனிப் பையில் போட்டுத் தருவார்கள், ஆசையில் நாம் ஒட்டிவிடுவோம், இறுக்கமான வளைவில் அவை இடிக்கும்.

இன்னொரு சோதனை, பாரம் எல்லாச் சக்கரத்திலும் இருக்கிறதா என்பது. முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை மேசையில் படுக்கப் போட்டு அதன்மேல் எஞ்சினை நிறுத்துங்கள். பஸ் டிக்கெட் மாதிரி மெல்லிய கடதாசியை ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் நுழைத்துப் பாருங்கள். முனைச் சக்கரத்தின் கீழ் கடதாசி தடையில்லாமல் போய் வந்தால் அந்தச் சக்கரம் தொங்குகிறது, வளைவில் அதை அமர்த்தி வைக்கப் பாரம் இல்லை. பெரும்பாலும் சக்கரத் தொகுதியின் அடி மூடி ஒரு மூலையில் சரியாகக் கொழுவாமல் தூக்கிக்கொண்டு நிற்கும், கிளிக் என்று சத்தம் வரும் வரை அமுக்கினால் சரி. நடு அச்சு கொஞ்சம் தளர்வாக இருப்பது வேறு விஷயம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

வெளிப்பாதை வளைவு ஒரே இடத்தில்தான் எஞ்சினை இறக்குகிறது என்று எழுதியது நல்லதாகப் போயிற்று. அந்த வெண்கட்டிக் கோட்டுக்குக் கிட்ட ஒரு பொருத்து இருக்கிறதா பாருங்கள். வெளித் தண்டவாளத்தின் உள்பக்க விளிம்பில் உங்கள் பெருவிரல் நகத்தை வைத்து, எஞ்சின் போகும் திசையிலேயே மெதுவாக இழுத்துக்கொண்டு போங்கள். பொருத்தில் நகம் தட்டினால் சக்கர விளிம்பும் தட்டும். சில இடத்தில் ஒரு தண்டவாளம் பொருத்துத் தகட்டுக்குள்ளே போகாமல் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும், பார்வைக்கு ஒழுங்காகத்தான் தெரியும், ஆனால் அரை மி.மீ. உயரம். கழற்றி, தகட்டைச் சின்னக் குறட்டால் மெல்ல அமுக்கி நேராக்கி, இரண்டு பக்கமும் உள்ளே போகிற மாதிரிப் பூட்டுங்கள். கூராக நிற்கும் முனையை நுண் அரத்தால் ஓரிரண்டு தரம் இழுத்துவிடுங்கள், உள்பக்கமும் மேல்பக்கமும் மட்டும், அளவோடு.

பொருத்து நல்லாக இருந்தால் பலகைதான். எங்கள் பக்கத்து மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கார்த்திகையில் இருந்து தை வரைக்கும் யன்னலோரத்தில் கிடக்கும் பிளைவுட் ஈரத்தைக் குடிக்கும், மறுகா வெயிலில் காயும், குடித்துக் காய்ந்து ஒரு மூலை தூக்கிவிடும். முழுப் பலகையும் ஒரே சரிவாகச் சாய்ந்தால் எஞ்சினுக்கு அது பெரிய விஷயம் இல்லை. முறுக்குத்தான் கெடுதல். ஒரு தண்டவாளம் இங்கே உயர்ந்து பத்து செ.மீ. தள்ளித் தாழ்ந்தால், ஒரு கால் கட்டையான மேசை மாதிரி எஞ்சின் மூன்று மூலையில் நிற்கும், நாலாவது மூலைச் சக்கரம் காற்றில். அந்த மூலை வெளித் தண்டவாளத்தின் பக்கமாக இருந்தால் ஏறுவதற்கு வேறு காரணமே தேவையில்லை.

முறுக்கைக் கண்டுபிடிக்கத் தச்சர்கள் செய்கிற வேலையைச் செய்யுங்கள். மகனின் அடிமட்டங்கள் இரண்டை எடுத்து, கோட்டுக்கு முன்னால் ஒன்றையும் பின்னால் ஒன்றையும் இரண்டு தண்டவாளத்தின் மேலும் குறுக்காக வையுங்கள். இடையில் பத்து செ.மீ. இருக்கட்டும். கண்ணைத் தாழ்த்தி, கிட்ட உள்ளதன் மேல் விளிம்புக்கு நேரே தூர உள்ளதைப் பாருங்கள். இரண்டு விளிம்பும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாகத் தெரிந்தால் முறுக்கு இல்லை. ஒன்று ஒரு பக்கம் தூக்கித் தெரிந்தால் அதுதான் கள்ளன். தாழ்ந்த பக்கத்துச் சிலிப்பர் கட்டைகளின் கீழே மெல்லிய மட்டையை வெட்டி ஒவ்வொன்றாகச் செருகி, அடிமட்டங்கள் ஒத்துவரும் வரை உயர்த்துங்கள். இது இன்றைக்குச் செய்யலாம். நிரந்தரமாகச் சரிசெய்ய, பலகையின் அடியில் நீளத்துக்கும் குறுக்குக்கும் மரச்சட்டம் அடித்து, மேலும் கீழும் ஓரங்களிலும் பெயின்ட் பூசிவிட வேண்டும். மேல் பக்கத்துக்கு மட்டும் பூசிவிட்டு அடியை விட்டால் பலகை இன்னும் கூடுதலாக வளையும். முடிந்தால் அந்தப் பக்கத்தை யன்னலில் இருந்து இரண்டடி தள்ளி வையுங்கள்.

பாதையைப் பலகையில் ஆணியடித்துப் பொருத்தியிருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். ஆணியை இறுக்கி அடித்தால் சிலிப்பர் கட்டையின் நடுப்பகுதி கீழே குழிந்து, இரண்டு தண்டவாளமும் உள்ளுக்குச் சாயும், இடைவெளி 16.5இல் இருந்து குறையும். பிறகு சக்கரம் நெருக்குப்பட்டு ஏறும். ஆணியின் தலை சிலிப்பர் கட்டையைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். அங்கங்கே பொருத்தில் அரை மி.மீ. இடைவெளி விடுங்கள், வெயிலில் தண்டவாளம் நீள இடம் வேண்டும்.

இப்போது சித்தப்பா சொன்ன சக்கரம். ஒரே அச்சில் உள்ள இரண்டு சக்கரங்களின் உள்முதுகுகளுக்கு இடையே உள்ள தூரத்தைத்தான் அளக்க வேண்டும். இந்த அளவில் அது 14.4 முதல் 14.5 மி.மீ. வரை இருந்தால் நல்லது. டிஜிட்டல் கலிப்பர் இப்போது ஹார்ட்வெயார் கடைகளிலேயே கிடைக்கிறது, இல்லாவிட்டால் பள்ளிக்கூடப் பௌதிகவியல் ஆசிரியர் யாரையாவது பிடித்து வேணியர் இடுக்கியைக் கேளுங்கள். ஒவ்வொரு அச்சையும் சக்கரத்தைச் சுற்றி மூன்று இடத்தில் அளவுங்கள், மூன்றும் வேறு வேறாக வந்தால் சக்கரம் கோணலாக ஏறியிருக்கிறது. 15ஐ நெருங்கிய அளவு வந்தால் சக்கரங்கள் விரிந்துவிட்டன, விளிம்பு எப்போதும் தண்டவாளத்தில் உரசிக்கொண்டு இருக்கும், அப்போது சித்தப்பா சொன்னது சரி. இரண்டு சக்கரத்தையும் விரல்களால் பிடித்து, முறுக்கிக்கொண்டே மெல்ல மெல்ல உள்ளுக்குத் தள்ளுங்கள், தட்ட வேண்டாம், குறட்டால் பிடிக்க வேண்டாம். 14.4க்குக் கீழே ஏற்கெனவே இருந்தால் நெருக்கவே கூடாது, பின்னுக்கு நீங்கள் கிளைப்பாதைத் துண்டு வாங்கிப் பூட்டினால் அதில் ஒவ்வொரு முறையும் இடறும்.

பெட்டிகள் உள்பக்கம் சரிவதற்குக் காரணம் மகனின் மணல். கடைசி வண்டி பாரம், நடுவில் உள்ள பெட்டிகள் லேசு. எஞ்சின் முன்னால் இழுக்க, மணல் வண்டி பின்னால் பிடிக்க, நடுவில் உள்ளவை வளைவைக் குறுக்கே வெட்டி நேராகப் பார்க்கின்றன, அதனால் உள்பக்கம் விழுகின்றன. பாரவண்டியை எஞ்சினுக்கு அடுத்ததாகக் கொழுவச் சொல்லுங்கள். லேசான பெட்டிகளுக்குள் கொஞ்சம் பாரம் வைப்பதும் நல்லது. இதே தண்டவாள அகலத்துக்கு அமெரிக்க மாடல் ரயில்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு, பெட்டிக்கு 28 கிராம், அதோடு நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 14 கிராம். 8 அங்குலப் பெட்டி என்றால் மொத்தம் 140 கிராம் வரும். வொஷர்களைப் பெட்டியின் தரையில், நடுவில், தாழ்வாக ஒட்டுங்கள்.

மணலைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. பிள்ளையின் விளையாட்டைக் கெடுக்க எனக்கு மனமில்லை, ஆனால் கடற்கரை மணல் ஒரு துகள் எஞ்சினின் பற்சக்கரத்துக்குள் போனால் பல் தேய்ந்துவிடும், உப்பும் சேர்ந்தே வரும். அதற்குப் பதிலாக நெல்லோ பயறோ நிரப்பட்டும். சாமான் வண்டிக்கு நெல்லைவிடப் பொருத்தமான சரக்கும் நம் மாவட்டத்தில் இல்லை. இதுவரை ஓட்டியதற்கு, பாதை முழுவதையும் மெல்லிய தூரிகையால் கூட்டி, சக்கரங்களை பார்மசியில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள். பெட்டிகளின் அச்சுகளையும் பாருங்கள், தலைமயிரும் நூலும் சுற்றியிருந்தால் ஊசியால் எடுத்துவிடுங்கள், அதுவும் பின்னால் பிடித்து இழுக்கிற பாரம்தான். தண்டவாளத்துக்கு எண்ணெய் பூச வேண்டாம், எந்த எண்ணெயும்.

வேகத்தை நீங்கள் எழுதவில்லை, பிள்ளைகள் எல்லாரும் முழு வேகத்தில்தான் ஓட்டுவார்கள். 80 கி.மீ. வேகத்தில் போகும் கோச்சியை இந்த அளவுக்குச் சுருக்கினால் விநாடிக்கு 29 செ.மீ. வரும். 438 ஆரையுள்ள அரைவட்டத்தைத் தாண்ட ஏறக்குறைய 5 விநாடி எடுக்க வேண்டும். மகனிடம் போனில் நேரம் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டு விநாடியில் தாண்டினால் வேகம் மிகக் கூட, பக்கத்துத் தள்ளலும் அதோடு கூடும், முதலில் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்து, 438 வளைவில், தனி எஞ்சின், மெதுவாக ஓடியும் விழுந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள். எழுதும்போது தண்டவாள உயரத்தில் எடுத்த வீடியோ, ஆறு அச்சின் சக்கர அளவுகள், எஞ்சினைத் திருப்பி வைத்தபோது வெண்கட்டிக் கோடு எங்கே விழுந்தது என்ற விவரம், மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.